தம்பிக்காக எழுதிய 11 நோட்டுகள்: வலிப்பு நோயாளிக்குத் துணை நிற்பது எப்படி?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் உள்ள பத்திர எழுத்தர் ஒருவரிடம் 16 வருடங்களாக உதவியாளராக இருக்கிறேன். கிரயம், ஒத்தி, தான செட்டில்மென்ட் என்று நாள் முழுக்க எழுத்து வேலை. நான்கெல்லையும் தேதியும் இல்லாத காகிதம் எதற்கும் உதவாது என்பதுதான் அந்த மேசையில் நான் கற்ற முதல் பாடம். என் தம்பிக்கு 11 வயதில் வலிப்பு வந்தது. இப்போது அவனுக்கு 26. அவனோடு ஆஸ்பத்திரி வராந்தாவிலும், தலைமை ஆசிரியர் அறை வாசலிலும், கலெக்டர் அலுவலக வரிசையிலும் நின்றபோதெல்லாம் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பாடம்தான். வாயால் சொன்ன கஷ்டத்தைக் கேட்டவர்கள் பரிதாபப்பட்டார்கள். தேதி போட்டு எழுதிக்கொண்டு போனபோதுதான் காரியம் நடந்தது.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் நம் நாட்டைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒழுங்காகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்றும் சொல்கிறது. மருந்து ஒன்றும் புதிதல்ல. ஃபீனோபார்பிட்டோன் 1912-லிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. விலையும் பெரிதல்ல. ஆனாலும் அந்த மாத்திரை தினமும் தவறாமல் நோயாளியின் கைக்கு வந்து சேர, வீட்டில் ஒருவர் விடாமல் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது

தம்பிக்கு 13 வயது. பஸ் நிலையத்தில் விழுந்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்துவிட்டார். இன்னொருவர், நாக்கைக் கடித்துக்கொள்வானே என்று பதறி, டீக்கடைக் கரண்டியை அவன் பல்லுக்கிடையில் நுழைத்தார். நல்ல மனதோடு செய்ததுதான். முன்பல் பாதி உடைந்தது. உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

வாயில் எதையும் வைக்காதீர்கள். கரண்டி, துணி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது பொய். நாக்கு அப்படிப் போகாது. கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். பக்கத்தில் கல், அடுப்பு, நாற்காலி இருந்தால் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும். முழு நினைவு திரும்பும்வரை கூடவே இருங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியம், கடிகாரத்தைப் பார்ப்பது. பெரும்பாலான வலிப்பு 1 நிமிடத்திலிருந்து 3 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். சாவி தேடி எடுத்து வருவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. அதனால்தான் இரும்பு வலிப்பை நிறுத்தும் என்று பெயர். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணிக்கு வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், வாழ்க்கையில் முதல் தடவையாக வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

நோட்டு

பல் உடைந்த வாரம்தான் முதல் நோட்டைப் போட்டேன். கோடு போட்ட 80 பக்க நோட்டு. அதில் இருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய், காலை 6.40. பல் துலக்கிக்கொண்டிருந்தான். முதலில் தலை இடது பக்கம் திரும்பியது. இடது கை முறுக்கியது. பிறகு உடம்பு முழுவதும். 2 நிமிடம் 10 விநாடி. நாக்கின் ஓரத்தில் காயம். சிறுநீர் போகவில்லை. தன் பெயரைச் சொல்ல 15 நிமிடம் ஆனது. முந்தைய இரவு கோயில் திருவிழா, 3 மணிக்குத்தான் படுத்தான். இரவு மாத்திரை போடவில்லை."

இவ்வளவு போதும். இதில் எதையும் அலங்காரத்துக்காக எழுதவில்லை. எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்து, மூளையின் எந்தப் பகுதியில் தொடங்கியிருக்கலாம் என்று மருத்துவர் ஊகிக்கிறார். தூக்கம் கெட்டதும் மாத்திரை விட்டதும் எழுதியிருந்தால், மருந்தைக் கூட்டுவதா, பழக்கத்தைத் திருத்துவதா என்று முடிவெடுக்கிறார். வலிப்பு வரும்போது மருத்துவர் கூட இருப்பதில்லை. அவருக்குக் கண் நீங்கள்தான்.

வீட்டில் இரண்டாவது ஆள் இருந்தால் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் படம் எடுக்க மனம் வராது. முதல் தடவை எடுத்தபோது அம்மா என்னை அடிக்க வந்துவிட்டாள். ஆனால் அந்த 40 விநாடிதான் எங்களுக்கு வழியைத் திறந்தது.

தம்பி அவ்வப்போது பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பான். உதட்டைச் சப்புவான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். ஒரு நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போலச் சாப்பிடத் தொடங்குவான். கவனக்குறைவு என்று அம்மா திட்டுவாள். பள்ளியில் முட்டி போட வைத்தார்கள். அதை நாங்கள் எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அது நோய் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. படத்தைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், "இதுவும் வலிப்புதான் அம்மா. மாதத்தில் எத்தனை தடவை?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டி, "கடந்த மாதம் 9" என்றேன். அன்றைக்கே மருந்தை மாற்றினார்.

வலிப்பின் வகையைப் பொறுத்துத்தான் மருந்து. காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து டம்ளர் தெறித்து விழுகிறது என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அப்படி வரும் ஒரு வகைக்கு கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன் போன்ற மாத்திரைகள் நோயைக் கூட்டிவிடக்கூடும். சின்ன விஷயம் என்று நீங்கள் விட்டுவிடும் டம்ளர், மருத்துவருக்குப் பெரிய தடயம்.

மருத்துவர் முன் 3 நிமிடம்

அரசு ஆஸ்பத்திரியில் அதிகாலை பஸ் பிடித்துப் போய், சீட்டு வாங்கி, காத்திருந்து, உள்ளே போனால் கிடைப்பது 3 நிமிடம். மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் மேசையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நானும் பார்க்கிறேன். அந்த 3 நிமிடத்துக்குத் தயாராகப் போவதுதான் நம் வேலை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றே வரிகளில் சுருக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: போன தடவைக்குப் பிறகு எத்தனை வலிப்பு, எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போனது, புதிதாக உடம்பில் என்ன தொந்தரவு. பழைய சீட்டுகள், ஈ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை), ஸ்கேன் படம் எல்லாம் ஒரே பையில், தேதி வரிசையில் இருக்கட்டும். ஈ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. பரிசோதனை நேரத்தில் மூளையில் மின்மாற்றம் எதுவும் பதிவாகவில்லை என்பதுதான் பொருள். அதைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள்: இது எந்த வகை வலிப்பு? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? என்ன தெரிந்தால் உடனே ஓடி வர வேண்டும்? கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன் தொடங்கிய சில வாரங்களுக்குள் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே போய்க் காட்டியாக வேண்டும். சோடியம் வால்புரோவேட் சாப்பிடும் பெண் என்றால், கர்ப்பத்துக்கு வெகு முன்னதாகவே அதைப் பற்றிப் பேசுங்கள். வயிற்றில் வளரும் குழந்தையை அது பாதிக்கக்கூடும். ஆனால் பயந்துபோய்த் தானாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். கல்யாணம் நிச்சயமான பெண்ணின் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார். கூடப் போகிறவர் கேளுங்கள்.

மாத்திரை நின்றுபோனால்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மாதம், நாங்கள் வழக்கமாக வாங்கும் அரசு மருத்துவமனையில் தம்பியின் மாத்திரை இல்லை. "வரவில்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வெளியில் வாங்கப் பணம் புரட்டுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் இரவு அவனுக்கு அடுத்தடுத்து மூன்று வலிப்பு. மறுநாள் மாத்திரை வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் அதே பதிலை வாங்கிக்கொண்டு, அதே மௌனத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் வரிசையிலேயே நின்று பெயர் எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மருந்தாளுநரிடம் சண்டை போடாதீர்கள். இல்லாத மருந்தை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்? சீட்டில் "இருப்பு இல்லை" என்று தேதியோடு எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், நாளையும் நேரத்தையும் உங்கள் நோட்டில் குறித்து, பக்கத்தில் நின்றவரிடம் கையொப்பம் வாங்குங்கள். மருந்தின் கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள்.

மருந்து வரும் வழியைத் தெரிந்துகொண்டால் சரியான கேள்வி பிறக்கும். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. மருத்துவமனைகள் தேவையை எழுதிக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: கிடங்கில் இல்லை, அல்லது கேட்டு எழுதவில்லை. "ஏன் மருந்து இல்லை?" என்று கேட்டால் "வரவில்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். எங்கள் மனுவில் இப்படி எழுதினேன்:

"பொருள்: வலிப்பு நோய்க்கான கார்பமாசெபின் 200 மி.கி. மாத்திரை வழங்கப்படாதது குறித்து. ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள 14 குடும்பத்தினர் தங்கள் மருத்துவமனையில் தொடர் சிகிச்சை பெறும் நோயாளிகளின் உறவினர்கள். இணைப்பில் கண்ட தேதிகளில் மேற்படி மாத்திரை வழங்கப்படவில்லை. இம்மாத்திரை இடையில் நின்றால் உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பு ஏற்படலாம். கிடங்குக்குத் தேவை எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில் மருந்து கிடைக்கும், அதுவரை மாற்று ஏற்பாடு என்ன என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறோம்."

ஒரு நகல் மருத்துவமனைத் தலைமை மருத்துவருக்கு, ஒரு நகல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு, ஒரு நகல் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு அதே கேள்விகளைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மனு கொடுத்த இரண்டாவது வாரம் மாத்திரை வந்துவிட்டது. தனி ஆளாகக் கேட்டபோது கிடைத்த பதிலுக்கும், 14 கையொப்பத்தோடு கேட்டபோது கிடைத்த பதிலுக்கும் இருந்த வித்தியாசத்தை நான் மறக்கமாட்டேன்.

வீட்டில் எப்போதும் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். கடைசி அட்டையைப் பிரிக்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாதீர்கள். இரண்டு வாரம் முன்பே கிளம்புங்கள்.

பள்ளிக்கூடம், கல்யாணம், சான்றிதழ்

எட்டாம் வகுப்பில் தம்பி வகுப்பறையிலேயே விழுந்தபோது, சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆனால் நான் முதலில் சட்டத்தை நீட்டவில்லை. அவர்களுடைய கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். மருத்துவரின் கடிதத்தையும், முதலுதவியை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிய தாளையும் கொண்டுபோனேன். வகுப்பாசிரியை அந்தத் தாளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டு பையன்கள், ஒருவன் படுக்க மற்றவன் அவனை ஒருக்களித்துத் திருப்ப, வகுப்பு முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு அவன் விழுந்தபோது யாரும் ஓடவில்லை. சட்டத்தின் நகல் கடைசிவரை என் பையிலேயே இருந்தது. பையில் இருக்க வேண்டியது அவசியம்தான்.

கல்யாண விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் கொண்டுவந்த திருத்தம் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டது. ஆனால் மறைத்துக் கல்யாணம் செய்து வைக்காதீர்கள். மறைத்தால் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டியிருக்கும், மறைத்துச் சாப்பிடும் மாத்திரை ஒரு நாள் விட்டுப்போகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பார்க்கின்சன் நோய் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருக்கிறது; வலிப்பு தனியாக இல்லை. மூளை வளர்ச்சிக் குறைபாடோ மூளை முடக்குவாதமோ சேர்ந்திருந்தால் அதன் பெயரில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வெறும் வலிப்பு மட்டும் உள்ளவர்கள் இந்த விடுபடலைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனுவில் இதையும் சேருங்கள்: 2022 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, வலிப்புக்கும் பிற நரம்பியல் நோய்களுக்கும் 2031 வரையிலான செயல்திட்டம் ஒன்றை ஏற்றது. 2021-ல் இருந்த நிலையைவிட வலிப்புக்கான சிகிச்சைச் சேவை எட்டும் அளவை 50 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை கிடைக்கட்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம்.

வீட்டுக்குள்ளே

அம்மா அவனை எத்தனையோ கோயிலுக்கு அழைத்துப் போனாள். மந்திரித்த கயிறு கட்டினாள். நான் ஒரு காலத்தில் இதற்காக அவளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். அது தவறு. கயிறு கட்டட்டும், விபூதி பூசட்டும். மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும். இப்போது சாமி படத்துக்குக் கீழேதான் மாத்திரை டப்பா இருக்கிறது. விளக்கேற்றும் கையாலேயே அம்மா அதையும் எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு வேளைகூடத் தவறுவதில்லை.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கிணற்றிலும் கண்மாயிலும் தனியாகக் குளிக்க விடாதீர்கள். விறகடுப்பு முன் தனியாக உட்கார வைக்காதீர்கள். தீக்காயத்தோடு வந்த பெண்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்ட உரிமம் வாங்கும் விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். பொய் எழுதாதீர்கள். காய்கறியை நன்றாகக் கழுவுங்கள், கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவருகிறது. கறியே தொடாத வீட்டிலும் வரும், ஏனென்றால் முட்டை வருவது கழிவு கலந்த மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும்.

மற்றவர்களைச் சேர்ப்பது

அன்றைக்கு வரிசையில் எழுதிய 14 பெயர்கள்தான் இன்றைக்கு எங்கள் குழு. சங்கம் பதிவு செய்யவில்லை, பெயரும் வைக்கவில்லை. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், துணைக்கு ஆள் இல்லாத இன்னொருவரையும் கூட்டிப் போகிறார். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு நோட்டு எழுதிக்கொடுக்க, பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் நாள். அன்றைக்கு ஆட்டோ நிறுத்தத்திலும் மினி பஸ் நிறுத்தத்திலும் போய், ஒருக்களித்துப் படுக்க வைப்பதை 2 நிமிடத்தில் செய்து காட்டுகிறோம். தெருவில் விழுகிறவரைத் தூக்கப்போவது ஆட்டோக்காரர்கள்தானே.

ஒரு தவறை நீண்ட நாள் செய்தேன். மருத்துவர் அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். அவனுக்கு 19 வயதிருக்கும்போது, அறையை விட்டு வெளியே வந்ததும், "அக்கா, நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இரவு தூங்கும்வரை அது என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அடுத்த தடவை அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால் நின்றேன். மாத்திரை போட்டால் காலையில் மந்தமாக இருக்கிறது, கடையில் கணக்கு தப்பாகிறது, மனசு சோர்ந்துபோகிறது என்றெல்லாம் அவன் சொன்னது எதுவும் என் நோட்டில் இல்லை.

இப்போது ஓடுவது 11-ஆவது நோட்டு. அதை அவனே எழுதுகிறான். எழுதுபொருள் கடையில் வேலை செய்வதால் நோட்டும் அவன் வாங்கிவருவதுதான். வலிப்பு வராத வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து, தேதி போட்டு, "வரவில்லை" என்று எழுத வேண்டும். பக்கம் வெறுமையாக இருந்தால், வலிப்பு வரவில்லையா, எழுத மறந்துவிட்டார்களா என்று மருத்துவருக்குத் தெரியாது. போன ஞாயிறு எட்டிப் பார்த்தேன். அவன் கையெழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, 31 "வரவில்லை".